வேணாம்னு சொன்னா வேணாம்தான்: மேலூர்ல இருந்து மின்னணு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

டெல்லியில மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துல உக்காந்து இந்த சோசியல் மீடியாவுக்கெல்லாம் விதிமுறை எழுதுற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் மதுரைக்குப் பக்கத்துல மேலூர்ல சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். டிஸ்ப்ளே மாத்துறது, சார்ஜிங் பின் மாத்துறது, டெம்பர் கிளாஸ் ஒட்டுறது, ரீசார்ஜ் பண்றது, இதான் என் பொழப்பு. கடை ஆரம்பிச்ச புதுசுல வர்றவங்க சார்ஜ் நிக்க மாட்டேங்குதுன்னு வருவாங்க, தண்ணில விழுந்துருச்சுன்னு அரிசிக்குள்ள போட்டு வச்ச போனத் தூக்கிட்டு வருவாங்க. இப்ப வாரத்துக்கு நாலு பேராவது புதுசா ஒரு கம்ப்ளைண்ட் சொல்றாங்க, "தம்பி, இதுல என்னென்னமோ வருதுப்பா, நான் ஒண்ணும் கேக்கல, அது பாட்டுக்கு வருது, அத மட்டும் வராம பண்ணிக் குடு"ன்னு. வாங்கிப் பாத்தா போன்ல ஒரு பழுதும் இருக்காது, எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யும். அவங்களுக்குப் புடிக்காத வீடியோ வந்துட்டே இருக்குறதுதான் பழுது. அத நிப்பாட்ட எனக்கு வழி தெரியல, அதுக்குத்தான் உங்களுக்கு எழுதுறேன்.

மொதல்ல எங்க அப்பா விசயத்த சொல்லிடுறேன், ஏன்னா நான் எழுத உக்காந்ததே அதுனாலதான்.

அப்பாவுக்கு 67 வயசு, சுகர் வந்து பதினஞ்சு வருசம் ஆச்சு. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, தவறாம போடுவாரு. வீட்ல சும்மா இருக்காரேன்னு நான்தான் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் குடுத்தேன். அதுல ஊர்த் திருவிழா நாடகம் பாப்பாரு, பழைய பாட்டு கேப்பாரு, அழகர் ஆத்துல இறங்குறத வருசம் பூரா திருப்பித் திருப்பிப் பாப்பாரு. ஒரு நாளு யாரோ ஆவாரம்பூ கசாயம் குடிச்சா சுகருக்கு நல்லதுன்னு பேசுன வீடியோ வந்துருக்கு, முழுசாப் பாத்துருக்காரு. அந்த வீடியோவுல பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா மறுநாள் அதே மாதிரி மூணு வந்துச்சு, ஒரு வாரம் கழிச்சு, மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிரும்னு ஒருத்தன், பத்து நாள் கழிச்சு, சுகர்னு ஒரு வியாதியே கிடையாது அது மருந்து கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதைன்னு இன்னொருத்தன். அப்பா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மாத்திரைய நிப்பாட்டிட்டாரு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம். செருப்பு உரசி கால்ல வந்த ஒரு சின்னப் புண்ணு ஆறவே இல்ல, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுத்தா சுகர் 400ஐ தாண்டி நிக்குது. 12 நாள் பெட்ல கிடந்தாரு, கால் விரல் ஒண்ண எடுத்துட்டாங்க.

அவரு படிக்காதவரு இல்ல, அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி. அவர ஏமாளின்னு யாராச்சும் சொன்னா எனக்கு கோவம் வரும். ஒரே பேச்ச நூறு மூஞ்சி நூறு விதமா வந்து காதுல ஓதுனா யாரா இருந்தாலும் ஒரு நாளு நம்பத்தான் செய்வாங்க, "இம்புட்டு பேரு சொல்றாங்களேடா, எல்லாருமா பொய் சொல்லுவாங்க?"ன்னுதான் ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டு என்கிட்ட கேட்டாரு. அத்தன பேரும், யாருக்கு எந்த வீடியோவக் காட்டணும்னு முடிவு பண்ற ஒரே மெசின் கூட்டிட்டு வந்த ஆளுங்கங்குறது அவருக்கு எப்படித் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி அவரு போன எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒவ்வொரு வீடியோவா மூணு புள்ளியத் தொட்டு ஆர்வமில்லை, ஆர்வமில்லைன்னு நாப்பது வீடியோவுக்காவது அமுக்கிருப்பேன், ஒம்போது சேனல இனிமே காட்டாதன்னு போட்டேன், பாத்த ஹிஸ்டரில தேடித் தேடி அழிச்சேன். ரெண்டு நாள் சுத்தமா இருந்துச்சு. மூணாம் நாள் வேற சேனல், வேற ஆளு, அதே பேச்சு. மறுபடி அமுக்குனேன், மறுபடி வந்துச்சு. இந்த வேலையே தொழிலா செய்யிற எனக்கே இந்த நெலமைன்னா, மூணு புள்ளி எங்க இருக்குன்னே தெரியாத ஒரு அப்பத்தா என்ன செய்யும் சொல்லுங்க.

எங்க கடைக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை இருக்கு. அப்பா ஆஸ்பத்திரில இருந்து வந்த பெறகு மொத நாள் அங்க போயி "எனக்கு இனிமே சீனி போடாதப்பா"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. மறுநாள்ல இருந்து டீ மாஸ்டர் கேக்குறதே இல்ல, அப்பா தலை தெரிஞ்சாலே சீனி இல்லாம ஒரு டீ வந்துரும். அந்த மாஸ்டர் லீவு போட்ட அன்னைக்கு வேற பையன் நின்னாக்கூட உள்ள இருந்து குரல் குடுத்து சொல்லிடுறாங்க. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பேரு வர்ற கடை, எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது. இம்புட்டு பெரிய கம்பெனிக, உலகத்துல இருக்குற பெரிய பெரிய படிப்பு படிச்ச ஆளுகளையெல்லாம் வேலைக்கு வச்சிருக்குறவங்க, ஒரு மனுசன் வேணாம்னு சொன்னத ஞாபகம் வச்சுக்க முடியாதுன்னா அத நான் நம்பத் தயாரா இல்ல.

இது எனக்கு மட்டும் நடக்குதோன்னு நெனச்சு தேடிப் பாத்தேன். மொசில்லா, அதான் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் வச்சிருக்குறவங்க, 2022ல யூடியூப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 20,000 பேருக்கு மேல அவங்களா முன்வந்து குடுத்த டேட்டாவ வச்சு, இந்த வேணாம் பட்டன் எல்லாம் நெசமாவே வேலை செய்யுதான்னு பாத்துருக்காங்க. ஆர்வமில்லைங்குற பட்டன் வேண்டாத வீடியோல 11 சதவீதத்தத்தான் தடுத்துச்சாம். டிஸ்லைக் 12. ஹிஸ்டரில இருந்து எடுத்தா 29. சேனலக் காட்டாதன்னு போட்டாக் கூட 43தான். அதாவது இருக்குறதுலயே பவரான பட்டன அமுக்குனாலும் பாதிக்கு மேல வந்துட்டேதான் இருக்கும். அதுக்கு யூடியூப் தரப்புல குடுத்த பதில்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுச்சு: எங்க பட்டன்கள் ஒரு டாபிக்கையோ ஒரு கருத்தையோ மொத்தமா வடிகட்டாது, அப்படி வடிகட்டுனா ஒரே கருத்தையே திரும்பத் திரும்பக் கேக்குற நெலமைக்கு ஆளுக போயிருவாங்கன்னு. ஒரு டாபிக்க வேணாம்னு சொல்ல வழி வச்சா மனுசன் ஒரே கருத்துக்குள்ள மாட்டிக்கிருவான்னு சொல்றாங்க. நான் பாத்தது நேர் எதிரா இருக்கு. வேணாம்னு சொல்ல வழி இல்லாததுனாலதான் ரெண்டு மாசமா ஒரே கருத்த மட்டும் கேட்டு ஒரு மனுசன் விரல இழந்துட்டு வந்து நிக்கிறாரு.

இந்த மெசின் எப்படி யோசிக்குதுங்குறதையும் எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன், எங்க ஊரு ஆளுகளும் இதப் படிப்பாங்கல்ல. 2012 வரைக்கும் யூடியூப் எத்தன பேரு வீடியோவத் தொறந்தாங்கங்குறதத்தான் பெருசா பாத்துட்டு இருந்துச்சு, அந்த வருசம் எம்புட்டு நேரம் பாத்தாங்கங்குற கணக்குக்கு மாறுனாங்க. நல்ல எண்ணத்துலதான் மாத்துனாங்க, வெளிய ஒரு படத்தக் காட்டி உள்ள வேற ஒண்ண வச்சு ஏமாத்துறவன கீழ தள்ளுறதுக்காக. 2016ல அவங்க இன்ஜினியருகளே எழுதுன கட்டுரையில இருக்கு, மொதல்ல குமிஞ்சு கிடக்குற அம்புட்டு வீடியோல இருந்தும் சில நூறு வீடியோவ பொறுக்கும், பெறகு இந்த ஆளு எத எம்புட்டு நேரம் பாப்பாருன்னு கணக்குப் போட்டு அந்த நூறையும் வரிசைப்படுத்தும். அப்பறம் சர்வே, திருப்தி, அது இதுன்னு நெறைய சேத்துருக்காங்க, இல்லேன்னு சொல்லல. 2018ல அவங்க பெரிய அதிகாரியே சொன்னது, யூடியூப்ல சனங்க பாக்குற நேரத்துல 70 சதவீதத்துக்கு மேல இந்த ரெகமெண்டேசன், அதான் மெசின் தானா எடுத்துக் காட்டுறது, அது வழியா வர்றதுதான்னு. ரீல்ஸ், ஷார்ட்ஸ்னு வந்த பெறகு தேடிப் பாக்குற பழக்கமே கொறஞ்சு போச்சு, விரலத் தள்ளுனா அடுத்தது தானா வந்து நிக்குது.

இப்ப பாருங்க, எம்புட்டு நேரம் பாத்தாருங்குறத வச்சு எங்க அப்பாவோட மனச எப்படிப் படிக்க முடியும்? அவரு போன நெஞ்சு மேல வச்சுக்கிட்டே தூங்கிப் போவாரு, அது பாட்டுக்கு ஒண்ணு முடிய ஒண்ணு ஓடிட்டு இருக்கும், ராத்திரி மூணு மணிக்கு அம்மா எந்திரிச்சு ஆஃப் பண்ணுவாங்க. அந்த நாலு மணி நேரமும் அவரு ஆசையா உக்காந்து பாத்த கணக்குலதான போயிருக்கும்? நிறைய வயசானவங்களுக்கு வீடியோவ நிப்பாட்டத் தெரியாது, அது முடியட்டும்னு கையில வச்சுக்கிட்டு இருப்பாங்க. பயந்து போயி பாக்குறதும் ஆசையாப் பாக்குறதும் மெசினுக்கு ஒண்ணுதான். ரோட்டுல ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா நாங்களும் நின்னு பாக்கத்தான் செய்வோம், அதுக்காக தினமும் எங்க வாசல்ல வந்து அடிச்சுக்கங்கன்னு யாரும் கேக்கலயே.

அடுத்து ஒண்ணு, இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதித்தான் ஆகணும். எங்க பக்கம் பசங்களுக்கு ஜல்லிக்கட்டு உசுரு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூணும் பொங்கலுக்கு வரிசையா நடக்கும், அத விட்டா வருசம் பூரா காளை வீடியோதான் பாப்பானுங்க, எந்தக் காளை எந்த வாடியில எப்படி நின்னு வெளையாடுச்சுன்னு அம்புட்டும் மனப்பாடம். என்கிட்ட போன் குடுத்துட்டு உக்காந்து பேசிட்டு இருக்குற ஒரு பையன், பதினாறு பதினேழு வயசு இருக்கும், காளைய உசுரா வளக்குறவன், அவன் போன் டிஸ்ப்ளே மாத்திட்டு டச் வேலை செய்யுதான்னு செக் பண்றதுக்கு ஒரு ஆப்பத் தொறந்தேன். காளை வீடியோ ஒண்ணு, அதுக்கு அடுத்து காளைய வச்சு சாதிப் பெரும பேசுறது ஒண்ணு, அதுக்கு அடுத்து காளையே இல்ல, அருவாவும் மெரட்டல் வசனமும்தான். தள்ளத் தள்ள அதேதான். "என்னடா தம்பி இதெல்லாம் பாக்குறியா?"ன்னு கேட்டேன். "நான் தேடிப் பாக்கலண்ணே, மாடு பாத்தா இது தானா வருது, வேணாம்னு தள்ளித்தான் விடுறேன்"னான். அந்தப் பையன் பொய் சொல்லல. தென் மாவட்டத்துல இந்த மாதிரி வீடியோனால ஸ்கூல்ல பசங்களுக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அவனுக்கு நான் என்ன செஞ்சு குடுக்க முடிஞ்சுச்சு? மாடு வேணும், சாதி வேணாம், இம்புட்டுதான் அவன் கேட்டான். அத அந்த மெசின்கிட்ட சொல்றதுக்கு ஒரு எடம் கிடையாது.

இதுல இன்னொரு விசயம் உங்களுக்குத் தெரிஞ்சுருக்குமான்னு தெரியல, டெல்லியில இருந்து பாத்தா தெரியாது. புதுப் போன் வாங்குனா எங்க பக்கம் ஜிமெயில் ஐடி போட்டுக் குடுக்குறது கடைக்காரன்தான். பாஸ்வேர்ட ஒரு சின்ன அட்டையில எழுதி பேக் கவருக்குள்ள சொருகி விடுவேன், ஒரு மாசத்துல அந்த அட்டை காணாமப் போயிரும். அந்த ஒரு போன அப்பத்தாவும் பாக்கும், நூறு நாள் வேலைக்குப் போற மருமகளும் சாயங்காலம் பாக்கும், பேரப் புள்ளைக்கு சோறு ஊட்டும்போதும் அதேதான். மெசினப் பொறுத்தவரை அது எல்லாம் ஒரே ஆளு. 2023ல நீங்க கொண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகளோட நடத்தையக் கண்காணிக்கக் கூடாது, அத வச்சு விளம்பரம் காட்டக் கூடாதுன்னு 9வது பிரிவுல போட்ருக்கீங்க. நல்ல பிரிவு, மனசார சொல்றேன். ஆனா எங்க ஊரு வீட்ல புள்ளை பாக்குறது 58 வயசு அப்பத்தா கணக்குல, அங்க அந்தப் பிரிவு எப்படிப் போயி சேரும்? வயச வச்சு மட்டும் காப்பாத்த முடியாதுங்க. போனக் கையில வச்சிருக்குறவன் யாரா இருந்தாலும் வேணாம்னா வேணாம்னு இருக்கணும், அப்பத்தான் புள்ளைக்கும் சேத்துப் பாதுகாப்பு.

தடை போடுங்கன்னு நான் கேக்கல. தடை போட்டா என்ன ஆகும்னு மதுரைக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குப் போகும்போதெல்லாம் மேலூர் ரோட்டுல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையத் தாண்டித்தான் பஸ் போகும். அந்தக் கோர்ட்டுதான் 2019 ஏப்ரல் 3ஆம் தேதி டிக்டாக்க டவுன்லோடு பண்ண விடாதீங்கன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு, நாடு பூரா ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க, அந்த மாசம் 24ஆம் தேதி அதே கோர்ட்டு உத்தரவ நீக்குச்சு, ஆப் திரும்ப வந்துருச்சு. பெறகு 2020 ஜூன் கடைசில நீங்களே அதையும் சேத்து 59 ஆப்ப நிப்பாட்டுனீங்க. சரி, நின்னுச்சா? ஜூலையிலயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ இந்தியாவுலதான் மொத மொதல்ல விட்டுப் பாத்தாங்க. கடை பேரு மாறுச்சு, சரக்கு அதே சரக்கு. டிக்டாக்ல நல்லது செஞ்சுட்டு இருந்த எத்தனையோ கிராமத்து ஆளுகளுக்கும் சேத்து அன்னைக்கு எல்லாம் போச்சு.

ரெகமெண்டேசனே கூடாதுன்னும் சொல்லல, அத அழுத்தி சொல்லிக்கிறேன். கொட்டாம்பட்டி பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்குற ஒரு அண்ணே, மட்டை பூரா வெள்ளை ஈ அப்பி கறுத்துப் போயி என்ன செய்யிறதுன்னு தெரியாம இருந்தப்ப, மஞ்ச ஒட்டுப்பொறி கட்டுறத பத்தியும் மட்டைக்கு அடியில தண்ணிய வேகமா பீச்சி அடிக்கிறத பத்தியும் தானா ஒரு வீடியோ வந்து நின்னுச்சாம், அத அவரு தெய்வமே காட்டுன மாதிரி சொல்லுவாரு. எங்க தெருவுல ஒரு புள்ளை கோச்சிங் சென்டர் போக வசதியில்லாம யூடியூப்லயே படிச்சு குரூப் 4 எழுதுது. முன்னப் பின்ன தெரியாத தமிழ்ச் சேனல் நல்லது சொன்னா அது நம்ம வரைக்கும் வந்து சேருறது அந்த மெசினாலதான். அந்த மெசினோட கடிவாளத்த எங்க கையில கொஞ்சம் குடுங்கன்னுதான் கேக்குறேன்.

வீடியோ எல்லாம் தேதி வரிசையில வர்றது எம்புட்டு முக்கியம்னு எங்க ஊருக்காரங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கு. 2024 நவம்பர்ல அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாச்சுன்னு செய்தி வந்ததுல இருந்து, 2025 ஜனவரில மத்திய அரசு அந்த ஏலத்த ரத்து பண்ற வரைக்கும், இங்க யாருக்கும் தூக்கம் கிடையாது. எங்க கூட்டம், என்ன முடிவாச்சு, எல்லாமே போன்லதான் வந்துச்சு. ஆனா இன்னைக்கு சாயங்காலம் கூட்டம்னு ஒருத்தர் போடுற வீடியோ ரெண்டு நாள் கழிச்சு வந்து நிக்கும், போன வாரத்துப் பேச்சு புதுசு மாதிரி மேல வரும், ஏன்னா அதத்தான் நெறைய பேரு நேரம் எடுத்துப் பாத்துருக்காங்க. நாங்க தேடிப் போயி சப்ஸ்கிரைப் பண்ண சேனல், இன்னைக்கு என்ன போட்டாங்களோ அத இன்னைக்கு காட்டுங்கன்னு கேக்குறது பெரிய ஆசையா? இன்ஸ்டாகிராம் 2022ல ஃபாலோ பண்றவங்க பதிவ தேதி வரிசையில பாக்குற வசதியத் திரும்பக் கொண்டு வந்துச்சு, ஆனா அத நிரந்தரமா வச்சுக்க முடியாம பண்ணிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் நம்மளாப் போயி மாத்தணும். யூடியூப்ல பாத்த ஹிஸ்டரிய ஆஃப் பண்ணி, பழைய ஹிஸ்டரியும் பெருசா இல்லேன்னா 2023ல இருந்து ஹோம் பக்கமே வெறுமையா நிக்கும். ஒண்ணு அம்புட்டும் அவங்க இஷ்டம், இல்லேன்னா ஒண்ணுமே கிடையாது. எங்களுக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு.

வெளிநாட்டுல இது முடிஞ்சிருக்கு. ஐரோப்பாவுல டிஜிட்டல் சர்வீசஸ் சட்டம்னு 2022ல போட்டாங்க, அங்க மாசம் 4.5 கோடி பேருக்கு மேல பயன்படுத்துற பெரிய ஆப் எல்லாம், ஆளப் பத்தி சேத்து வச்ச கணக்க வச்சு வரிசைப்படுத்தாத ஒரு வழியையாவது குடுத்தே ஆகணும். வரிசை எத வச்சு போடுறோம்னு புரியிற மாதிரி எழுதவும் வேணும். 2023 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கம்பெனிகளுக்கு அது கட்டாயம், டிக்டாக்கும் இன்ஸ்டாகிராமும் அங்க செஞ்சு குடுத்துருக்காங்க. சீனாவுல கூட 2022 மார்ச்ல இருந்து இந்த அல்காரிதம் ரெகமெண்டேசன ஆஃப் பண்றதுக்கு பட்டன் வைக்கணும்னு விதி இருக்கு, அந்த நாட்டு சென்சார் எனக்கு வேணாம், அந்தப் பட்டன் மட்டும் போதும். அதே கம்பெனி, அதே ஆப்பு, பாரிஸ்ல இருக்குறவனுக்கு குடுக்குறத பாலமேட்டுல இருக்குறவனுக்கு ஏன் குடுக்கக் கூடாது?

உங்ககிட்ட ஏற்கனவே ஆயுதம் இருக்குங்க. 2021 ஐடி விதிகள்ல, அதான் தகவல் தொழில்நுட்ப விதிகள்ல, இந்த ஆப்புக்கெல்லாம் குறை தீர்க்குற அதிகாரி, 24 மணி நேரத்துல ரசீது, குறிப்பிட்ட நாளுக்குள்ள முடிவுன்னு வச்சிருக்கீங்க, 50 லட்சம் பேருக்கு மேல இருக்குற ஆப்புக்கு அதுக்கு மேலயும் தனியா பொறுப்பு வச்சிருக்கீங்க. ஆனா அது எல்லாம் ஒரு வீடியோ சட்டத்துக்கு விரோதமா இருந்தா எடுக்குறதுக்கு. எங்க அப்பா பாத்த ஆவாரம்பூ வீடியோ எந்தச் சட்டத்துக்கு விரோதம்? தனித்தனியா பாத்தா பாதி வீடியோ மேல புகாரே குடுக்க முடியாது. அதுகள வரிசையாக் கோத்து ஒரு மனுசன் மூஞ்சிக்கு நேரா நாள் பூரா காட்டுறதுதான் கெடுதல், அந்த வரிசை மேல புகார் குடுக்க இன்னைக்கு ஒரு எடமும் இல்ல. இன்னொண்ணு, அந்த 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே ஒரு அருமையான வரி இருக்கு, சம்மதம் குடுக்குறது எம்புட்டு சுலபமோ அத வாபஸ் வாங்குறதும் அம்புட்டு சுலபமா இருக்கணும்னு. 2025 நவம்பர்ல விதிகளும் வந்துருச்சு, முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாசம் டைம் குடுத்துருக்கீங்க. அந்த வரிய ரெகமெண்டேசனுக்கும் சேத்துப் புடிங்க. ஒரு வீடியோவப் பாக்க ஒரு விரல் தள்ளுனாப் போதும், வேணாம்னு சொல்ல மட்டும் மூணு புள்ளி, அப்பறம் செட்டிங்ஸ், அதுக்குள்ள இன்னொரு செட்டிங்ஸ், அதுலயும் பாதி இங்கிலீசுல இருந்தா அது எப்படி சமமாகும்?

நான் கேக்குறத சொல்லிடுறேன். வீடியோ ஓடுற அந்த ஸ்கிரீன்லயே, மறைச்சு வைக்காம, வேணாம்னு ஒரு பட்டன் இருக்கணும். அதத் தொட்டா இந்த வீடியோவா, இந்த சேனலா, இல்ல இந்த விசயமே வேணாமான்னு தமிழ்ல கேக்கணும், எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னாலும் எடுத்துக்கணும், "சுகர் மருந்து வீடியோ வேணாம்"னு அப்பா சொன்னா அவரே திரும்ப வந்து வேணும்னு சொல்ற வரைக்கும் அது வரக்கூடாது. நான் சப்ஸ்கிரைப் பண்ணது மட்டும், தேதி வரிசையில, இத ஒரு தடவை வச்சா அப்டேட் வந்தாலும் மாறாம அப்படியே இருக்கணும். அடுத்த வீடியோ தானா ஓடுறது புதுப் போன்ல ஆஃப்லதான் இருக்கணும், வேணும்ங்குறவங்க போட்டுக்கட்டும். பழசு எல்லாத்தையும் மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கிற பட்டன் வெளியவே இருக்கணும், செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறவங்களுக்கும் ஒரே போன அஞ்சு பேரு பாக்குற வீட்டுக்கும் இது ரொம்பத் தேவை.

எல்லாத்த விட முக்கியமா ஒண்ணு. பட்டன வச்சுட்டோம்னு கம்பெனிக்காரங்க சொல்றத அப்படியே நம்பிடாதீங்க. பட்டன் இருக்குறது வேற, பட்டன் வேலை செய்யிறது வேற. நாங்க கடையில ஒரு பவர் பட்டன் மாத்துனாக் கூட கஸ்டமர் முன்னாடி பத்து தடவை அமுக்கிக் காட்டித்தான் காசு வாங்குவோம். அதே மாதிரி, வேணாம்னு சொன்ன பெறகு அதே விசயம் எம்புட்டு தடவை திரும்ப வந்துச்சுங்குற கணக்க ஒவ்வொரு கம்பெனியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வெளியிடணும், தமிழுக்குத் தனியா, இந்திக்குத் தனியா, ஒவ்வொரு மொழிக்கும் தனியா. அத சரி பாக்க நம்ம காலேஜ், யுனிவர்சிட்டி ஆளுகளுக்கு அனுமதி குடுங்க. இங்கிலீசு வீடியோவுக்கு நல்லா வேலை செஞ்சு தமிழுக்கு வேலை செய்யலன்னா அத வெறும் பேச்சுல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, கணக்கு வேணும்.

இதுனால வியாபாரம் போயிரும்னு அவங்க உங்ககிட்ட வந்து சொல்லுவாங்க, சின்னச் சின்ன சேனல் வச்சிருக்குறவங்க பாதிக்கப்படுவாங்கன்னும் சொல்லுவாங்க. ரெண்டாவது கவலை எனக்கும் உண்டு, அதுனாலதான் ரெகமெண்டேசன மொத்தமா எடுக்கச் சொல்லல. ஒருத்தரு ஒரு விசயத்த வேணாம்னு தள்ளுனா அந்த எடத்துல அவருக்குப் புடிச்ச வேற ஒரு சேனல் வந்து நிக்கப் போகுது, நல்லா செய்யிறவனுக்கு அது லாபம்தான். மொத கவலைக்கு, கஸ்டமர் வேணாம்ங்குறத திணிச்சு வர்ற காச எங்க பஜார்ல யாரும் வியாபாரம்னு சொல்றதில்ல.

அப்பா இப்ப நல்லா இருக்காரு. மாத்திரை சரியாப் போடுறாரு, கால்ல கட்டு பிரிச்சாச்சு, மெதுவா டீக்கடை வரைக்கும் நடந்து வர்றாரு. போன் மட்டும் என் கடை டிராயர்ல கிடக்கு. நாடகம் பாக்கணும்னு எப்பவாச்சும் கேக்குறாரு, நான் பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டிட்டு திரும்ப வாங்கி வச்சுக்கிறேன். பெத்த அப்பன் கையில இருந்து போனப் புடுங்கி வைக்கிறது எனக்கு எம்புட்டு சங்கடமா இருக்குங்குறத என்னால எழுத முடியல. மதுரை எம்பிக்கும் இத ஒரு காப்பி அனுப்புறேன். நீங்க பதில் போட்டா தமிழ்ல போடுங்க, அப்பாவுக்கு நானே வாசிச்சுக் காட்டுவேன். அந்தப் பட்டன் எப்ப வரும்னு ஒரு தேதி குடுத்தீங்கன்னா அன்னைக்கு அவரு போன அவருகிட்டயே குடுத்துருவேன்.

இப்படிக்கு,
மேலூர் செல்போன் கடைக்காரன்